எலிக்கு எத்தனை வயசு: சென்னையில் ஆறு நாள்

முதல் நாள்: எழும்பூர்

ஜோத்பூரில் ஏறி இரண்டு இரவு கழித்து இன்று காலை எழும்பூரில் இறங்கினேன். கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. நான் வேலை பார்க்கும் தார்ப் பாலைவனத்தில் வியர்வை தோலில் நிற்பதற்குள் காய்ந்து சட்டையில் உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். இங்கே ஸ்டேஷன் படி ஏறுவதற்குள் முதுகு நனைந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் சுற்றிலும் தமிழ்ச் சத்தம். ஆட்டோக்காரர் பேரம் பேசியதுகூடக் காதுக்கு இனிப்பாக இருந்தது.

பையில் மூன்று நோட்டு, ஒரு லேப்டாப், அத்தைக்கு மத்தானியா மிளகாய்ப் பொடி. இந்தப் பயணமே அந்த நோட்டுகளுக்காகத்தான். அவற்றில் இருப்பவை இரண்டு பருவத்து எலி அளவுகள். காப்பீட்டுக் கம்பெனியில் ஆயுள் கணக்குப் போடும் என் கல்லூரித் தோழியோடு உட்கார்ந்து அவற்றை அலச வேண்டும். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் பழைய எலித்தோல்கள் இருக்கின்றன, அவற்றையும் பார்க்க வேண்டும். அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதிவிடுவது என்று இருக்கிறேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஜோத்பூருக்கு மேற்கே மணல்வெளியில் கூண்டு வைத்து எலி பிடிப்பேன், அளப்பேன், காதில் அடையாளம் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவேன். இரண்டு இனங்கள். ஒன்று பாலை ஜெர்ட்: பகலில் வெளியே வரும், கூட்டமாக வளை தோண்டும், மணல் நிறம். இதன் அறிவியல் பெயரில் ஹரியானா ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1867-ல் இதை விவரித்த ஜெர்டன், மெட்ராஸ் மாகாண ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். இன்னொன்று நம் ஊர் வெள்ளெலி. ஆமாம், அதேதான். தாரிலும் இருக்கிறது, செங்கல்பட்டு வரப்பிலும் இருக்கிறது, இலங்கையிலும் இருக்கிறது. இரவில் திரியும், வால் உடம்பைவிட நீளம், வால் நுனியில் கறுப்புக் குஞ்சம்.

ஒரு எலியைக் கையில் எடுத்தால் ஐந்து எண் எழுத வேண்டும்: எடை, தலை முதல் வாலடி வரை உடல் நீளம், வால், பின்னங்கால் பாதம், காது. கேட்க எளிது. துணிப்பையோடு நிறுத்து, பையின் எடையைக் கழிக்க வேண்டும். வாலை அளக்கும்போது நுனிக் குஞ்சத்து மயிரை விட்டு, சதை முடியும் இடம் வரைதான் எடுக்க வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இந்த இனங்களுக்கு வால்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே எலும்பு மட்டும் தெரியும். முதல் மாதம் ஒன்றுக்கு அப்படி ஆகிவிட்டது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவும் எதற்கு? வயது தெரிய. காட்டில் பிறந்த எலிக்குப் பிறந்த தேதி கிடையாது. ஆனால் ஒரு வெளியில் இருக்கும் எலிகளில் எத்தனை போன மழைக்குப் பிறந்தவை, எத்தனை அதற்கு முந்தியவை என்று தெரிந்தால்தான், கூட்டம் பெருகப்போகிறதா அடங்கப்போகிறதா என்று சொல்ல முடியும். கம்பு விதைக்கிறவருக்கு அது தேவையான செய்தி.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அத்தையிடம் ஒரு படம் காட்டினேன். முதல் பருவத்து ஜெர்ட்களின் பாத நீளத்தை வரிசையாக அடுக்கினால் இரண்டு திமில் எழும்புகிறது: ஒன்று 31 மி.மீ. பக்கம், இன்னொன்று 33 மி.மீ. பக்கம். சின்னத் திமில் இந்த வருஷத்துக் குட்டிகள், பெரிய திமில் போன வருஷத்தவை. இத்தனை தெளிவாக வரும் என்று நானே நினைக்கவில்லை.

அத்தை பெரம்பூரில் அங்கன்வாடி டீச்சர். அடுத்த வருஷம் ஓய்வு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"காலை வெச்சு வயசு சொல்றியா?"

"ஆமா அத்தை."

"நாங்க வயசை வெச்சு எடையைப் பாப்போம். நீ தலைகீழா பண்றியேடி. நாளன்னைக்கு எடை போடுற நாள், வந்து பாரு."

இரண்டாம் நாள்: தோல்களும் சீட்டுகளும்

தாம்பரம் போகும் முன் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம். 1851-ல் தொடங்கியது. சின்ன வயதில் அப்பாவோடு வந்து திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே வாய் பிளந்து நின்ற இடம். இன்றும் நின்றேன். பெரிய விலங்கோ சின்ன விலங்கோ, எலும்பின் நுனிகள் தண்டோடு ஒட்டிவிட்டால் வளர்ச்சி முடிந்தது என்று அர்த்தம். எலிக்கும் அப்படி வயது பார்க்கலாம், எக்ஸ்ரே இருந்தால்.

கல்லூரியில் ஆய்வக உதவியாளர் ஒரு மர இழுப்பறையைத் திறந்து கொடுத்தார். நாப்தலின் வாடை முகத்தில் அடித்தது. பஞ்சு அடைத்த எலித்தோல்கள், குப்புறப் படுத்த வாக்கில், வரிசையாக. ஒவ்வொன்றின் பின்னங்காலிலும் நூலில் கட்டிய சீட்டு. இங்கே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: பஞ்சு அடைத்த தோலை அளந்து பிரயோஜனம் இல்லை. அடைப்பவர் கை இழுத்த இழுப்புக்கு நீளும். எலி உயிரோடிருந்தபோதோ, செத்த சூட்டிலோ எடுத்துச் சீட்டில் எழுதிய எண்தான் எண். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளெலியைப் பற்றி நமக்கு நம்பகமாகத் தெரிந்ததெல்லாம் கட்டைவிரல் அகலக் காகிதத்தில் இருக்கிறது.

ஒரு சீட்டில் பாத அளவுக்குப் பக்கத்தில் 'எஸ்.யு.' என்று இரண்டு எழுத்து. நகம் நீங்கலாக என்பதற்கான லத்தீன் சுருக்கம். பிரிட்டிஷ்காரர்கள் பாதத்தை நகம் விட்டு அளப்பார்கள், அமெரிக்கர்கள் நகத்தோடு சேர்த்து அளப்பார்கள். நான் பழகியது நகம் விட்டு.

பல்லைப் பார்த்து வயது சொல்லும் முறையும் உண்டு. கடைவாய்ப் பல்லின் அரைப்புப் பரப்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஐந்தாறு படியாகப் பிரிப்பார்கள். மணலோடு சேர்த்து மெல்லும் பாலைவன எலிக்குப் பல் சீக்கிரம் தேயும், ஆகவே ஓர் இடத்துப் படியை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. கண்வில்லையைக் காயவைத்து நிறுப்பது எல்லாவற்றையும்விடத் துல்லியம். கண்வில்லை மட்டும் சாகும்வரை எடை கூடிக்கொண்டே போகும், பட்டினி கிடந்தாலும் அவ்வளவாக அசையாது. 1959-ல் முயல்களை வைத்து ரெக்ஸ் லார்ட் இதை நிறுவினார். ஆனால் அதற்கு எலியைக் கொல்ல வேண்டும். அடையாளம் போட்டு விட்ட எலி ஆறு மாதம் கழித்து அதே வளை வாசலில் உட்கார்ந்து வெயில் காய்வதைப் பார்த்தவள் நான். கொல்லாமல் முடியும் என்றால் கொல்லாமல்தான் செய்வேன்.

மூன்றாம் நாள்: எடை போடும் நாள்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

அங்கன்வாடி ஒரே அறை. சுவரில் அ, ஆ படங்கள், மூலையில் சத்துமாவு மூட்டை, ஆயாம்மா அடுப்படியில். ஒன்பது மணிக்கே அம்மாக்கள் பிள்ளைகளோடு வந்துவிட்டார்கள். கைக்குழந்தைகளைத் தராசில் கிடத்துவதற்கு முன் துணியெல்லாம் கழற்றச் சொல்கிறார் அத்தை. அம்மா இடுப்பை விட்டு இறங்காத பிள்ளைக்கும் தராசில் ஏறாத பிள்ளைக்கும் ஒரே வைத்தியம்: அம்மாவைப் பிள்ளையோடு பெரிய தராசில் நிற்கவைத்து, பிறகு அம்மாவை மட்டும் நிற்கவைத்துக் கழிப்பது. என் துணிப்பைக் கணக்கேதான்.

நீளம் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பலகை, தலைமாட்டில் அசையாத தடுப்பு, கால்மாட்டில் நகரும் தடுப்பு. அம்மா குழந்தையின் தலையைத் தலைமாட்டோடு ஒட்டிப் பிடிக்கிறார். அத்தை ஒரு கையால் இரண்டு முழங்காலையும் மெதுவாக அமுக்கி, இன்னொரு கையால் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்து குதிகாலில் முட்டவைக்கிறார். குழந்தை கட்டைவிரலை மடக்கிக்கொண்டது. அத்தை உள்ளங்காலை விரலால் ஒரு தடவு தடவினார், விரல் நிமிர்ந்தது, அந்த நொடியில் எண்ணைப் படித்துவிட்டார். எலியின் குதியை ஸ்கேல் விளிம்பில் வைத்து விரல்களை நிமிர்த்தும்போது என் கை செய்வதும் இதுதான். எனக்கு மூன்று மாதம் பிடித்தது இது பழக.

பதினொரு மணி வாக்கில் ஓர் அம்மா வந்தார். மெட்ரோ வேலைக்கு பீகாரிலிருந்து வந்த குடும்பம். இடுப்பில் பெண் குழந்தை. பிறப்புச் சான்றிதழ் ஊரில் இருக்கிறதாம். அத்தைக்கு இந்தி வராது, என்னைக் கூப்பிட்டார்.

"பிறந்த மாசம் கேளு. மாசம் தெரியலைன்னா பண்டிகை கேளு."

கேட்டேன். சட் பூஜை முடிந்து பத்தாம் நாள் என்றார் அந்த அம்மா. தீபாவளி முடிந்த ஒரு வாரத்தில் வரும் பீகார்ப் பண்டிகை அது. போன சட் பூஜையா என்றேன். இல்லை, அதற்கு முந்தினது. விரல் விட்டு எண்ணினோம். பத்தொன்பது மாதம்.

பலகையில் படுக்கவைத்தால் 74 சென்டிமீட்டர்.

என் கண்ணுக்கு அந்தப் பிள்ளை ஒரு வயதுக் குழந்தை. கை காலெல்லாம் உயரத்துக்கு ஏற்றபடி, பார்த்தால் நோஞ்சான் என்று சொல்ல முடியாது. 74 என்பது சரியாக ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர நீளம். பத்தொன்பது மாதத்துக்கு அது 81, 82 இருக்க வேண்டும். அத்தை வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார். வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று பிரிக்கும் கோட்டுக்குக் கீழே விழுந்தது அது.

அத்தை நிமிராமலே சொன்னார்: "பாத்தியா. ஆளைப் பாத்து ஒரு வயசுன்னு எழுதியிருந்தா இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. நல்லா இருக்குன்னு அனுப்பியிருப்போம். வயசு கேட்டதாலதான் பசி தெரியுது."

எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் இரண்டு வருஷமாகச் செய்வது இதைத்தான்: ஆளைப் பார்த்து வயது எழுதுவது. மழை பொய்த்த வருஷத்தில் பிறந்த ஜெர்ட் தீனியில்லாமல் குறுகியே நின்றிருக்கும். அதை நான் நீளத்தைப் பார்த்துக் குட்டி என்று எழுதியிருப்பேன். பஞ்சம் என் நோட்டில் இளமை என்று பதிவாகியிருக்கும். ஜோத்பூருக்கு வருஷம் முழுக்கச் சராசரியாக 36 செ.மீ. மழை, 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அந்த 36-ம் வராமல் போகும் வருஷங்கள் தாரில் சாதாரணம்.

அந்தப் பிள்ளைக்குச் சத்துமாவு கொடுத்து, அடுத்த மாதம் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னோம். பதினைந்து நாளில் வேலை வேறு இடத்துக்கு மாறினாலும் மாறலாம் என்றார் அந்த அம்மா. அத்தை அட்டையை அவர் கையிலேயே கொடுத்து, எந்த ஊர் அங்கன்வாடியிலும் இதைக் காட்டச் சொல்லி என்னை இரண்டு தடவை மொழிபெயர்க்கவைத்தார்.

இன்னொன்றும் நடந்தது. இரண்டு வயதான ஒரு பையனை அத்தை நிற்கவைத்து அளந்தார். ஏன் இவனை மட்டும் என்று கேட்டேன்.

"ரெண்டு வயசு வரைக்கும் படுக்க வெச்சு, அதுக்கு மேல நிக்க வெச்சு. நின்னா 0.7 சென்டிமீட்டர் குறையும். மாத்தி எடுத்துட்டா கூட்டிக் கழிச்சுக்கணும். யார் எப்படி எடுத்தாங்கன்னு எழுதலைன்னா, ஒரே மாசத்துல பிள்ளை குறுகிட்ட மாதிரி தெரியும்."

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகளைப் பார்த்தால் இது தெரியும். 24-ம் மாதத்தில் கோடு ஒரு சின்னப் படி இறங்குகிறது. பிள்ளைகள் சுருங்கியதால் வந்த படி இல்லை அது. அளக்கிற விதம் மாறியதால் வந்த படி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஓட்டேரி தாண்டுகையில், நேற்றைய சீட்டில் பார்த்த 'எஸ்.யு.' நினைவுக்கு வந்தது. முதல் பருவத்தில் பாதி எலிகளை நான் அளந்தேன். மீதியை அளந்தவர் என் களத் துணைவர். அவர் என்னைவிட மூத்தவர், எனக்கு முன் வேறொரு குழுவோடு வேலை செய்தவர். பாதத்தை எப்படி எடுக்கிறீர்கள் என்று நான் அவரைக் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன்.

"நகத்தோடுதானே மேடம் எடுப்பாங்க" என்றார்.

நான்காம் நாள்: மவுண்ட் ரோடு

தோழியின் ஆபீஸ் எல்.ஐ.சி. மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். மதிய இடைவேளையில் மேலே கேண்டீனில் உட்கார்ந்தோம். நோட்டைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் யார் கையெழுத்து என்று பார்த்து இரண்டு நிறமாகப் பிரித்தோம். தயிர்சாதம் முடிவதற்குள் விடை வந்துவிட்டது. 31-ல் எழுந்த திமில் முழுக்க என் கையெழுத்து. 33-ல் எழுந்த திமில் முழுக்க அவர் கையெழுத்து. நடுவிலிருந்த 2 மில்லிமீட்டர் நகம்.

இரண்டு தலைமுறை என்று நான் காட்டிய படம் இரண்டு பேரின் கை. பழி அவர் மேல் துளியும் இல்லை. அவர் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி சரியாகவே அளந்தார். கேட்க வேண்டியவள் நான். இன்னொன்றையும் நான் யோசித்திருக்க வேண்டும். எலிக்கு முதலில் வளர்ந்து முதலில் நிற்கும் உறுப்பு பின்னங்கால் பாதம். பால்குடி மறந்த சில வாரங்களிலேயே கிட்டத்தட்ட முழு அளவுக்கு வந்துவிடும். கூண்டில் சிக்கும் பருவத்து எலிகளில் போன வருஷத்தவையையும் இந்த வருஷத்தவையையும் பாதம் பிரித்துக் காட்டவே முடியாது. கேட்க ஆசைப்பட்ட பதில் வந்ததும் கேள்வியை நிறுத்திவிட்டேன்.

தோழி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு டிஷ்யூ காகிதத்தில் ஒரு வளைகோடு வரைந்தாள். காப்பீட்டுக்காரர்களுக்கு இந்தக் கோடுகள் வீட்டுப் பிள்ளை மாதிரி. 1825-ல் கோம்பெர்ட்ஸ், மனிதச் சாவுக் கணக்குக்காக ஒரு சூத்திரம் எழுதினார். பின்னாளில் உயிரியல்காரர்கள் அதையே வளர்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். 1938-ல் பெர்டலன்ஃபி சொன்ன கோடு இன்னும் எளிது: உடம்பு இன்னும் எவ்வளவு வளர வேண்டியிருக்கிறதோ, அந்த மிச்சத்துக்கு ஏற்ற வேகத்தில் வளரும். மிச்சம் குறையக் குறைய வேகமும் குறையும்.

கணக்கு புரிவதற்காக அவள் கற்பனையாக ஓர் எலியை எடுத்துக்கொண்டாள். பிறக்கும்போது 40 மி.மீ. நீளம், முழு வளர்ச்சியில் 130 மி.மீ., மிச்சத்தில் நாளொன்றுக்கு 3 சதவீத வேகம். இருபதாம் நாள் அதன் நீளம் ஏறக்குறைய 81 மி.மீ.; ஒரு நாளைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏறுகிறது. அன்றைக்கு நான் 2 மி.மீ. தப்பாக அளந்தாலும் வயதில் ஒன்றரை நாள் கூடும் குறையும், அவ்வளவுதான். நூறாம் நாள் அது 125.5 மி.மீ. இப்போது அதே 2 மி.மீ. தப்பு நடந்தால் விடை 88-ம் நாளிலிருந்து 119-ம் நாள் வரை எங்கேயும் விழலாம். ஒரு மாத அகலம். அதற்கு மேலே கோடு படுத்தேவிடுகிறது. ஆறு மாத எலியும் ஒன்றரை வருஷ எலியும் ஒரே நீளம்.

"குட்டிக்கு நாள் கணக்கில் சொல்லு. வளர்ந்ததுக்கு வளர்ந்ததுன்னு மட்டும் சொல்லு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி எண் போட்டா அது பொய்" என்றாள்.

அவள் காட்டிய இன்னொரு வழிதான் இன்று எனக்குப் பிடிப்பு. பிறந்த தேதியே தெரியாவிட்டாலும், ஒரே எலி இரண்டு தடவை சிக்கியிருந்தால் போதும். முதல் அளவு, இரண்டாம் அளவு, நடுவில் எத்தனை நாள். இந்த மூன்றை வைத்தே வளர்ச்சி வேகத்தையும் முழு அளவையும் கண்டுபிடிக்க 1965-ல் ஃபேபன்ஸ் வழி சொல்லியிருக்கிறார். என் நோட்டில் மறுபடி சிக்கிய எலிகள் நாற்பது சொச்சம். அந்த வேகத்தை மழை பெய்த பருவத்துக்குத் தனியாக, பொய்த்த பருவத்துக்குத் தனியாகப் போட்டால், நேற்று அங்கன்வாடியில் என்னை உறுத்திய விஷயத்துக்கும் ஒரு வாசல் திறக்கிறது. குறுகி நிற்கும் எலியை இளசு என்று எழுதாமல், மெதுவாக வளர்ந்தது என்று எழுத முடியும்.

ஐந்தாம் நாள்: செங்கல்பட்டு

தோழிக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் நிலம். சொர்ணவாரி நெல் நிற்கிறது. பக்கத்தில் மேட்டு நிலத்தில் வேர்க்கடலை. எலித் தொல்லை தாங்காமல் இருளர் குடும்பம் ஒன்றை வரச் சொல்லியிருந்தார். வயதான ஒரு பெரியம்மா, அவர் மகன், மருமகள்.

பெரியம்மா வரப்போரம் நடந்துகொண்டே போனார். ஒரு வளை வாயில் நின்று, காலியா இருக்கு என்றார். அடுத்ததில் கடப்பாரையை ஊன்றச் சொன்னார். வாயில் ஈரமண் புதிதாகத் தள்ளியிருந்தது என்று பிறகு காட்டினார். சுற்றிலும் இருந்த திறப்புகளை அடைத்துவிட்டு, அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலும் பச்சிலையும் போட்டுக் கொளுத்தி, பானை வாயை வளையோடு ஒட்டவைத்து ஓட்டை வழியாக ஊதினார் மகன். வெள்ளெலி வளையில் ஒரு கள்ளவழி இருக்கும். மண்ணுக்குள்ளே மேலே வரை வந்து, மெல்லிய மண் திரையோடு நிற்கும். ஆபத்து வந்தால் முட்டி உடைத்துக்கொண்டு ஓடும். மருமகள் அந்த இடத்தை முன்பே காலால் மிதித்துக்கொண்டு நின்றார்.

மூன்று வெள்ளெலி சிக்கின. கையில் வாங்கலாமா என்று கேட்டேன். "வாலைப் புடிக்காதே தாயி" என்றுதான் பெரியம்மா முதலில் சொன்னார்.

ஒன்றை மல்லாத்தி அடிவயிற்று மயிரில் அவர் ஊதினார். மயிர் விலகி, காம்புகள் பெரிதாகத் தெரிந்தன. "இது பால் குடுத்தது. ஆளு சின்னது, ஆனா ஒரு ஈத்தாவது போட்டிருக்கும்." அடுத்ததை ஊதிப் பார்த்தார். அது முந்தியதைவிட நீளம், எடையும் கூட; ஆனால் காம்பு பொட்டு மாதிரி இருந்தது. "இது இன்னும் ஈனலை." நீளத்தை மட்டும் வைத்து நான் எழுதியிருந்தால் தாயைக் குட்டி என்றும் குட்டியைத் தாய் என்றும் எழுதியிருப்பேன். ஊதிப் பார்ப்பதை நானும் செய்வேன்தான். ஆனால் அதை நோட்டில் ஓரக் குறிப்பாகத்தான் போட்டுவந்தேன்.

மூன்றுக்கும் பின்னங்காலை இரண்டு விதமாகவும் அளந்தேன். நகத்துக்கு ஒன்றில் 2 மி.மீ., இன்னொன்றில் ஒன்றரைகூட இல்லை, மூன்றாவதற்கு நடுவிரல் நகமே முறிந்திருந்தது. நேற்று இரவு முழுக்க, அவர் அளவுகளிலிருந்து 2 மி.மீ. கழித்துவிட்டால் முதல் பருவத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது நடக்காது. குழந்தைகளின் 0.7 செல்லுபடியாகிறது என்றால், அதே பிள்ளைகளைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளந்து பார்த்து எடுத்த எண் என்பதால்தான். என்னிடம் அப்படி எதுவும் இல்லை.

"நகம் தேஞ்சிருக்கு பாரு, அது கல்லுமண்ணுல இருந்தது" என்றார் பெரியம்மா. மேட்டு நிலத்து வளை அது. முன்னங்கால் தோண்டும், பின்னங்கால் அந்த மண்ணைப் பின்னால் தள்ளும்.

முதல் பருவத்துப் பாத அளவுகளை முழுக்கக் கைவிடுகிறேன். எடை, உடல் நீளம், மறுபிடி, இந்த மூன்றை வைத்தே அந்தப் பருவத்தை எழுதுவேன். இரவு அதை என் வழிகாட்டிக்கு எழுதி அனுப்பினேன். எழுதி முடித்தபோது மனம் லேசாக இருந்தது.

ஆறாம் நாள்: லேத் பட்டறை

காலையில் அத்தையின் அளவுப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு பெரம்பூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பாரிமுனையில் வாங்கிய இரண்டு ஸ்டீல் ஸ்கேல், ஒவ்வொன்றும் 15 செ.மீ. பூஜ்யம் இருக்கும் முனையில், ஸ்கேலுக்குச் செங்குத்தாக, ஒரு சின்னத் தகடு முட்டாக வைக்க வேண்டும். குதிகால் அதில் முட்டி நிற்க வேண்டும். பட்டறைக்கார அண்ணன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"குழந்தைக்கா?"

"எலிக்கு அண்ணே."

அவர் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூஜ்யம் தகட்டோட உள்முகத்துல வரணுமா, வெளிமுகத்துலயா?" என்று கேட்டார். உள்முகத்தில் என்றேன். ரொம்பச் சரியான கேள்வி. தகட்டின் கனமே 1 மி.மீ. இருந்தது. வெளிமுகத்தில் வைத்திருந்தால் ஒவ்வொரு எலியும் ஒரு மில்லிமீட்டர் நீண்டிருக்கும்.

இரண்டையும் முடித்துக் கொடுக்க ஒரு மணி நேரம். இரண்டையும் அருகருகே வைத்து என் சுண்டுவிரலை மாற்றி மாற்றி முட்டவைத்து அளந்தேன். ஒரே எண்.

ராத்திரி ரயில். அத்தை புளியோதரை கட்டிக்கொண்டிருக்கிறார். நான் புது நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். பாதத்துக்கு இப்போது இரண்டு கட்டம்: நகத்தோடு, நகம் விட்டு. பக்கத்தில் ஒரு கட்டம்: நகம் முழுசாக இருக்கிறதா, முறிந்ததா. காம்புக்கு ஒரு கட்டம். கடைசியில், இரண்டு வருஷமாக என் நோட்டில் இல்லாத ஒரு கட்டம்: அளந்தவர். ஜூலையில் மழை பிடித்ததும் நானும் அவரும் ஒரே எலியை மாறி மாறி அளக்கப்போகிறோம், முதல் முப்பது எலிக்கு. அவரிடம் போனில் சொன்னேன். ஒரு ஸ்கேல் எனக்கா என்றார். ஆமாம், ஒன்று உங்களுக்கு என்றேன்.